மதுரை வட்டாரத்தில் கழிப்பிடங்களின் வரலாறு

மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் மனிதக் கழிவை அகற்றும் முறை கடந்த இருநூறு ஆண்டுகளில் நான்கு கட்டங்களைக் கடந்துள்ளது. முதலில் கண்மாய்க்கரை, ஆற்றங்கரை, மந்தை போன்ற திறந்தவெளிகள். அடுத்து வீட்டுக் கொல்லையின் கோடியில் கட்டப்பட்ட எடுப்புக் கழிப்பறை. அதன்பின் பாதாளச் சாக்கடையோடு இணைந்த நீர்க் கழிப்பறை. நகரின் விளிம்பில் வளர்ந்த குடியிருப்புகளில் கழிவுநீர்த் தொட்டி. இந்தக் கட்டங்கள் ஒன்று முடிந்தபின் மற்றொன்றாக வரவில்லை. நான்கும் ஒரே காலத்தில், ஒரே தெருவில்கூட அருகருகே இருந்திருக்கின்றன. நகரின் வடமேற்கில், திண்டுக்கல் சாலையில், வைகையின் வடகரையை ஒட்டியுள்ள விளாங்குடி போன்ற ஊர்களில் இந்த மாற்றத்தின் கடைசிப் பகுதி இன்னும் முடியவில்லை.

இந்த வரலாற்றின் நடுவில் இருப்பது எடுப்புக் கழிப்பறை. மலம் நீரால் அடித்துச் செல்லப்படாமல், மறுநாள் ஒரு மனிதர் வந்து கையால் அள்ளிச் செல்லும்வரை அங்கேயே கிடக்கும் கழிப்பறைக்கு இப்பெயர். அரசு ஆவணங்கள் இதை உலர் கழிப்பிடம் என்று குறிப்பிடுகின்றன.

சொற்கள்

மலம் கழிப்பதை நேராகச் சொல்லாமல் வேறு சொல்லால் குறிப்பது தமிழில் பழைய வழக்கம். இலக்கண நூல்கள் இதை இடக்கரடக்கல் என்று வகைப்படுத்துகின்றன. பள்ளி இலக்கணப் பாடத்தில் இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டே 'கால் கழுவி வந்தேன்' என்பதுதான். வட்டாரத்துக்கு வட்டாரம் இந்த மறைமொழி மாறும். மதுரைப் பக்கத்தில் 'வெளிக்குப் போதல்', 'வெளிக்கிருத்தல்' என்பர். காவிரிப் படுகையில் 'கொல்லைக்குப் போதல்' என்றும், கொங்குப் பகுதியில் 'காட்டுக்குப் போதல்' என்றும் சொல்வர். இச்சொற்கள் செயலை மறைத்தாலும் இடத்தைக் காட்டிவிடுகின்றன. வெளி, கொல்லை, காடு என மூன்றும் வீட்டுக்கு அப்பாற்பட்ட இடங்கள். கழிப்பிடம் வீட்டுக்குள் இருக்கலாம் என்ற எண்ணமே இந்தச் சொல்வழக்கில் இல்லை.

'கக்கூஸ்' என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. டச்சுக்காரர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். சோழமண்டலக் கடற்கரையிலும் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் அவர்களுக்குக் கோட்டைகள் இருந்தன. கழிப்பிடத்துக்கு அவர்கள் வைத்திருந்த 'காக்ஹவுஸ்' என்ற சொல்லே தமிழில் கக்கூசு ஆயிற்று. சிங்களத்திலும் மலாயிலும் இதே சொல் சிறு மாற்றங்களோடு வழங்குகிறது. வீட்டை ஒட்டிய கழிப்பறை என்ற பொருள் புதிதாக வந்தபோது அதற்கான சொல்லும் வெளியிலிருந்தே வந்தது என்பதை இது காட்டுகிறது. இலங்கைத் தமிழில் 'மலசலகூடம்' என்பதும், தமிழ்நாட்டில் 'கழிப்பறை', 'கழிவறை' என்பனவும் பின்னர் எழுத்து வழக்கில் நிலைபெற்றன.

பழங்காலம்

இந்தியத் துணைக்கண்டத்தில் வீட்டோடு இணைந்த கழிப்பிடத்துக்கான மிகப் பழைய சான்றுகள் சிந்துவெளியில் கிடைத்துள்ளன. மொகஞ்சதாரோ, அரப்பா, லோத்தல் ஆகிய இடங்களில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய செங்கல் வீடுகளில் குளியலறையும் கழிப்பிடமும் தெருச் சாக்கடையோடு இணைக்கப்பட்டிருந்தன. அந்த நகரங்கள் மறைந்தபின் அத்தகைய ஏற்பாடு நெடுங்காலம் பரவலாகக் காணப்படவில்லை.

மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வில் உறைகிணறுகள், செங்கல் கட்டுமானங்கள், சுடுமண் குழாய்கள், நீர் செல்லும் வடிகால்கள் ஆகியவை வெளிப்பட்டன. நீரை வழிப்படுத்தும் நுட்பம் இவ்வட்டாரத்தில் பழமையானது என்பதற்கு இவை சான்று. ஆனால் வடிகால் இருப்பதனாலேயே அங்குக் கழிப்பறை இருந்தது என்று முடிவுகட்ட முடியாது.

தமிழ் நூல்களில் கழிப்பிடக் கட்டடத்தைவிட, எங்கே ஒதுங்கக்கூடாது என்ற விதியே முன்னிற்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, உமிழவும் மலசலம் கழிக்கவும் ஆகாத பத்து இடங்களைப் பட்டியலிடுகிறது. புல்தரை, பயிர், வழி, நீர்த்துறை, கோயில், நிழல், மாட்டுத் தொழுவம் முதலியவை அவற்றுள் அடங்கும். பலரும் பயன்படுத்தும் இடத்தையும் குடிநீரையும் காக்கும் நோக்கம் இதில் தெரிகிறது. மக்கள்தொகை குறைவாகவும் வெற்றுநிலம் மிகுதியாகவும் இருந்தவரை இத்தகைய விதிகள் ஓரளவு போதுமானவையாக இருந்திருக்கும்.

இலங்கையின் அனுராதபுரத்தில் பௌத்தத் துறவிகளின் மடங்களில் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட சிறுநீர்க் கற்கள் கிடைத்துள்ளன. கால் வைக்கும் மேடையும் நடுவில் துளையும் உள்ள கழிப்பிடக் கற்களும் அங்குண்டு. பலர் ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் மடம், கோட்டை, அரண்மனை ஆகியவற்றுக்கே முற்காலத்தில் கழிப்பிடம் தேவைப்பட்டது. ஐரோப்பாவிலும் இதே நிலைதான். உரோமானிய நகரங்களில் வரிசையாகத் துளையிட்ட கல் இருக்கைகள் கொண்ட பொதுக் கழிப்பிடங்கள் இருந்தன. இடைக்காலக் கோட்டைகளில் மதிலிலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய சிற்றறைகளிலிருந்து கழிவு நேரே அகழியில் விழுந்தது.

கண்மாய்க்கரையும் மந்தையும்

மதுரைச் சமவெளி கண்மாய்களின் நாடு. ஊரை ஒட்டி ஒரு கண்மாய், அதன் கரையில் புதர், அப்பால் வயல் என்பது பெரும்பாலான ஊர்களின் அமைப்பு. ஒதுங்குவதற்குக் கண்மாய்க்கரை வசதியாக இருந்ததற்கு மறைவு, கால் கழுவ நீர் ஆகிய இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததே காரணம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு வேறு பக்கம் என எழுதாத எல்லைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய சீமைக்கருவேலம் பல ஊர்களில் இதற்கு மறைவாகப் பயன்பட்டது.

இந்த ஏற்பாட்டின் சுமை பெண்கள்மீது கூடுதலாக விழுந்தது. விடியுமுன் அல்லது இருட்டியபின் மட்டுமே அவர்கள் போக முடிந்தது. இடைப்பட்ட நேரத்தில் அடக்கிக்கொள்வதும், அதற்காகவே நீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும் பழக்கமாயின. சிறுநீர்ப் பாதைத் தொற்று, மலச்சிக்கல் ஆகியவை இதனால் கூடும். பாம்புக்கடி, சீண்டல் ஆகிய ஆபத்துகளும் இருந்தன. மழைக்காலத்தில் கரையில் கிடப்பது அனைத்தும் கண்மாய்க்குள் இறங்கியது. வாந்திபேதி, சீதபேதி, டைபாய்டு, குடற்புழு ஆகியவை ஆண்டுதோறும் திரும்பி வந்ததற்கு இதுவே முக்கிய வழி. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும். செருப்பில்லாமல் வயலில் உழைத்தவர்களுக்குச் சோகை நிலையான நோயாக இருந்ததற்கு இது ஒரு காரணம்.

கோட்டை இடிந்தபின் மதுரை

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதுரைக் கலெக்டர் ஜான் பிளாக்பர்ன் நகரின் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். மதிலை இடித்து அகழியைச் சமன்செய்பவர்களுக்கே அந்த நிலம் வீட்டுமனையாக வழங்கப்பட்டது. இன்றைய வெளிவீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள், மாரட் வீதிகள் ஆகியவை இவ்வாறு உருவானவை. நெருக்கமான வீடுகள் பெருகின. அதுவரை கோட்டைக்கு வெளியே ஒதுங்குமிடமாக இருந்த வெற்றுநிலம் ஊருக்குள் வந்துவிட்டது. நகரின் நடுவில் வாழ்ந்தவர்களுக்கு ஆற்றங்கரை இன்னும் தொலைவாயிற்று.

அதே காலத்தில் சுகாதாரம் அரசின் கவலையாக மாறியது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைவீரர்கள் போரைவிட நோயால் மிகுதியாக இறந்தது குறித்து 1859-இல் ஒரு அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அது 1863-இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து 1864-இல் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. 1865-இல் சென்னை மாகாண நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி 1866-இல் மதுரை நகராட்சி அமைந்தது. தெருப்பெருக்கல், சாக்கடை, பொதுக் கழிப்பிடம், கழிவகற்றல் ஆகியவை நகராட்சியின் முதன்மைப் பணிகளாயின. 1884-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் 1920-ஆம் ஆண்டின் சட்டமும் இந்தப் பொறுப்புகளை விரிவாக்கின. 1939-இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது.

இங்கிலாந்தில் நீர்க் கழிப்பறை அப்போது புதிதன்று. 1596-இல் ஜான் ஹாரிங்டன் நீரால் கழுவும் கழிப்பறை ஒன்றை விவரித்தார். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங், வளைந்த குழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தேங்கிய நீரே சாக்கடை வாடையைத் தடுக்கும் மூடி. ஆனால் நீர்க் கழிப்பறைக்குக் குழாய்நீரும் நிலத்தடிச் சாக்கடையும் வேண்டும். இலண்டன் நகரமே 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றம் திணறிய பின்புதான் ஜோசப் பசல்ஜெட் தலைமையில் பெருஞ்சாக்கடைகளைக் கட்டத் தொடங்கியது. மதுரை போன்ற நகரங்களில் அந்தச் செலவைச் செய்ய நிர்வாகம் முன்வரவில்லை. மலிவாகக் கிடைத்த வேறொன்றை அது பயன்படுத்திக்கொண்டது. அது சாதியால் கட்டுண்ட மனித உழைப்பு.

எடுப்புக் கழிப்பறையின் அமைப்பு

மதுரையின் பழைய வீடுகள் தெருவை நோக்கிக் குறுகியும் பின்னோக்கி நீண்டும் அமைந்தவை. திண்ணை, ரேழி, முற்றம், அடுப்படி, கொல்லை என்று வரிசையாகச் செல்லும் அந்த அமைப்பில் கழிப்பறை கடைசியில் இருந்தது. இரண்டு மூன்று படி ஏறினால் ஒரு மேடை. அதில் கால் வைக்க இரண்டு கற்கள், நடுவில் துளை. துளைக்குக் கீழே ஒரு தகரத் தட்டோ வாளியோ இருக்கும். பல இடங்களில் அதுவும் இல்லாமல் வெறும் தரையே இருந்தது. கழுவும் நீர் தனியாக ஒரு சிறு காடி வழியே சந்துச் சாக்கடைக்குச் செல்லும்.

மேடையின் பின்புறம், தரை மட்டத்தில், ஒரு சிறிய திறப்பு இருக்கும். அதற்குத் தகரக் கதவு போட்டிருப்பர். அந்தத் திறப்பு வீட்டுக்குப் பின்னாலுள்ள குறுகிய சந்தில் திறக்கும். இரு தெரு வீடுகளின் பின்புறங்களுக்கு இடையே ஓடும் இந்தச் சந்துகள் கழிவை அள்ளுவதற்காகவே விடப்பட்டவை. அள்ள வருபவர் வீட்டுக்குள் கால் வைக்காமல், வீட்டாரின் கண்ணில் படாமல் வந்து போவதற்கான வழி அது. வீட்டின் கட்டட அமைப்பிலேயே தீண்டாமை ஒரு கதவாகவும் ஒரு சந்தாகவும் கட்டப்பட்டிருந்தது.

அள்ளுவதற்குத் தகரத் துண்டும் துடைப்பமும் கருவிகள். ஈரத்தை உறிஞ்ச அடுப்புச் சாம்பலைத் தூவுவது வழக்கம். அள்ளியதைக் கூடையிலோ வாளியிலோ இட்டு, தலையிலோ இடுப்பிலோ சுமந்து, தெருமுனையில் நிற்கும் வண்டிவரை கொண்டுசென்றனர். வண்டி அதை ஊருக்கு வெளியேயுள்ள உரக்கிடங்குக்குக் கொண்டுபோனது. அங்கு நீளமான குழிகளில் குப்பையும் நரகலும் அடுக்கடுக்காகக் கொட்டி மண்ணால் மூடினர். சில மாதங்களில் அது மக்கி உரமானது.

இங்கிலாந்தில் டார்செட் பகுதிப் பாதிரியார் ஹென்றி மூல் 1860-இல் காப்புரிமை பெற்ற மண் கழிப்பறை, உலர்ந்த மண்ணைத் தூவி மலத்தை மூடும் எளிய முறை. இந்தியாவில் சிறைகளிலும் படைவீரர் குடியிருப்புகளிலும் இந்த உலர்மண் முறை பின்பற்றப்பட்டது. மண் போதிய அளவு இருந்து, பொழுதுக்குப் பொழுது தூவப்பட்டால் நாற்றமும் ஈயும் குறையும். நகர வீடுகளில் இந்த ஒழுங்கு இருந்ததில்லை. ஈக்கள் கழிப்பறைக்கும் அடுப்படிக்கும் இடையே தடையின்றிச் சென்றுவந்தன. ஆகவே எடுப்புக் கழிப்பறை, மலத்தைக் கண்ணுக்கு மறைவாக வைத்ததே தவிர நோயைத் தடுக்கவில்லை.

அள்ளியவர்கள்

நகராட்சிகள் இந்தப் பணிக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தினரை அமர்த்தின. அவர்களில் பலர் தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டுமொழியாகக் கொண்டவர்கள். அருந்ததியர் முன்பு தோல் தொழிலும் வேளாண் கூலியும் செய்துவந்தவர்கள். நகராட்சி வேலை அவர்களுக்கு மாதச் சம்பளத்தையும் சில இடங்களில் குடியிருப்பையும் தந்தது. அதற்கு ஈடாக அவர்களின் சாதியையே ஒரு பதவியாக மாற்றிவிட்டது. தாய் ஓய்வு பெற்றால் மருமகள், தந்தை இறந்தால் மகன் எனப் பணி வழிவழியாகச் சென்றது. வீடுகளில் அள்ளும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்தனர். வண்டி ஓட்டுவதும் சாக்கடையில் இறங்குவதும் ஆண்களின் வேலையாக இருந்தன.

மழைநாளில் கூடையிலிருந்து வழிவது தலையிலும் தோளிலும் இறங்கும். கையுறையும் காலணியும் கிடையாது. தோல்நோய், கண்நோய், மூச்சுத் தொல்லை, குடற்புழு ஆகியவை அவர்களிடம் மிகுதியாக இருந்தன. நாற்றத்தைத் தாங்கக் குடிப்பழக்கமும் வெற்றிலை புகையிலையும் துணையாயின. அதே வீடுகளில் அவர்களுக்குப் பழைய சோறு எட்டி நின்று இடப்பட்டது. தேநீர்க்கடையில் தனிக் குவளை வைக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. பிரித்தானியர் காலத்தில் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் வாளிக் கக்கூசுகளைத் துப்புரவு செய்யத் தமிழ்நாட்டிலிருந்து அருந்ததியர் குடும்பங்கள் கொண்டுசெல்லப்பட்டன. சிங்கப்பூரில் வாளிமுறை 1987 சனவரியில்தான் முழுவதுமாக முடிவுக்கு வந்தது.

காந்தி 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பிடத்தைத் தாமே துப்புரவு செய்தார். தம் ஆசிரமங்களில் அனைவரும் முறைவைத்து அப்பணியைச் செய்ய வேண்டும் என விதித்தார். அம்பேத்கர் இதை வேறு கோணத்தில் பார்த்தார். மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டாகப் போற்றுவது, அத்தொழிலில் கட்டுண்டவர்களை அங்கேயே நிறுத்தும் என்பது அவர் வாதம். பிற்காலச் சட்டங்களும் இயக்கங்களும் அம்பேத்கரின் வழியில், தொழிலையே ஒழிப்பதை இலக்காகக் கொண்டன.

பாதாளச் சாக்கடை

மதுரையில் பாதாளச் சாக்கடை 1924-இல் நகரின் மையப் பகுதிக்கு அமைக்கப்பட்டது. பின்னர் 1959-இலும் 1983-இலும் அது விரிவாக்கப்பட்டது. 1971-இல் மதுரை மாநகராட்சி ஆனது. குழாய் வந்த உடனேயே எல்லா வீடுகளும் இணைப்புப் பெற்றுவிடவில்லை. வாடகை வீட்டு உரிமையாளர்கள் செலவுக்குத் தயங்கினர். குடிநீருக்கே தட்டுப்பாடு உள்ள ஊரில் கழிப்பறைக்கு நீர் ஊற்றுவது வீண் என்ற எண்ணமும் இருந்தது. அதனால் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்திலும் எடுப்புக் கழிப்பறைகள் பல பத்தாண்டுகள் நீடித்தன.

குழாய்க்குள் சேராத கழிவு வாய்க்கால்களுக்குப் போனது. நகரின் நடுவே ஓடிய கிருதுமால் நதி கழிவுநீர்க் கால்வாயாக மாறியது. வடகரையில் பந்தல்குடி வாய்க்காலும் அவ்வாறே ஆகி வைகையில் கலந்தது. ஒரு காலத்தில் பாசனத்துக்காக வெட்டப்பட்ட நீர்வழிகள் கழிவை ஊருக்கு வெளியே தள்ளும் வழிகளாயின.

கிராமங்களுக்கான கழிப்பறைகள்

குழாயும் சாக்கடையும் இல்லாத ஊர்களுக்கு ஏற்ற கழிப்பறையைத் தேடும் முயற்சி 1930-களில் தொடங்கியது. கொக்கிப்புழு ஒழிப்புப் பணியின்போது ராக்ஃபெல்லர் அறக்கட்டளை துளைக் கழிப்பறையை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. 30 முதல் 40 செ.மீ. அகலமும் சுமார் 6 மீட்டர் ஆழமும் உள்ள துளையைத் தோண்டி, அதன்மேல் பலகைக்கல் வைப்பது இம்முறை. ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு தாங்கும். நிறைந்ததும் மூடிவிட்டு வேறிடத்தில் துளையிட வேண்டும். நிலத்தடி நீர் மேலே இருக்கும் கண்மாய்ப் பாசன ஊர்களுக்கு இது பொருந்தவில்லை. துளை நீரைத் தொட்டுக் கிணற்றைக் கெடுக்கும்.

1950-களில் நடுவண் சுகாதார அமைச்சகம் மூன்று இடங்களில் ஆய்வும் செயலும் இணைந்த ஒரு திட்டத்தை நடத்தியது. வங்கத்தில் சிங்கூர், தில்லி அருகே நஜஃப்கர், சென்னை அருகே பூவிருந்தவல்லி ஆகியவை அந்த இடங்கள். அங்கு உருவான கழிப்பறைப் பீங்கானில் 2 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் நீர் தேங்கும். ஆதலால் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் நீரைக் கையால் ஊற்றினாலே கழிவு போய்விடும். குழாய்நீர் தேவையில்லை. இன்று கிராமங்களில் காணப்படும் நீரூற்றும் கழிப்பறைகளின் மூலவடிவம் இதுவே.

இதன் அடுத்த வளர்ச்சி இரட்டைக் குழிக் கழிப்பறை. 1970-இல் பிந்தேஸ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பு இதை நாடெங்கும் பரப்பியது. கழிப்பறைக்குப் பின்னால் இரண்டு குழிகள். சுவர்ச் செங்கற்கள் தேன்கூடுபோல இடைவெளி விட்டு அடுக்கப்படும். நீர் மண்ணுக்குள் ஊறிவிடும், திடக்கழிவு தங்கும். ஒரு குழி நிறைய ஏறக்குறைய மூன்றாண்டு ஆகும். பிறகு கவைக் குழாயில் வழியை மாற்றி அடுத்த குழியைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழியிலுள்ள மலம் இரண்டு ஆண்டுகளில் மக்கி, நாற்றமற்ற, மண்போன்ற உரமாகிவிடும். அதை வீட்டாரே மண்வெட்டியால் எடுக்கலாம். இன்னொருவர் வந்து அள்ள வேண்டிய தேவையே எழாது என்பதுதான் இந்த அமைப்பின் சிறப்பு.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் முசிறியில் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் கழிப்பறைகளை 2000-க்குப் பின் அமைத்தது. நீர்மட்டம் மேலே இருக்கும் காவிரிக் கரைக்கு அது ஏற்றதாயிற்று. பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்துவோருக்குச் சிறு தொகை கொடுத்து ஊக்குவித்ததும் அங்கு நடந்தது.

2001-க்குப் பின் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளிலும் ஊராட்சிக்கு ஒன்றாக ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகம் கட்டப்பட்டது. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவை அவற்றில் இருந்தன. நீர் வராததாலும் பராமரிப்புக்கு ஆள் இல்லாததாலும் பல வளாகங்கள் பூட்டிக் கிடந்தன. கட்டடம் கட்டுவது எளிது, நாள்தோறும் நீரும் துப்புரவும் தருவதே கடினம் என்பதை அவை காட்டின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48.3 விழுக்காட்டு வீடுகளில் மட்டுமே வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது. 45.7 விழுக்காட்டினர் திறந்தவெளியையே பயன்படுத்தினர். 2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறைகளின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது.

தடைச் சட்டங்கள்

1993-இல் இந்திய நாடாளுமன்றம் மலம் அள்ளும் பணிக்கு ஆள் அமர்த்துவதையும் எடுப்புக் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. பெஜவாடா வில்சன் உள்ளிட்டோர் உருவாக்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன், சட்டம் செயல்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. கோலார் தங்கவயலில் மலம் அள்ளும் குடும்பத்தில் பிறந்த வில்சன், 2016-இல் மகசேசே விருது பெற்றார்.

2011 கணக்கெடுப்பில் மனிதர் கையால் கழிவு அகற்றப்படும் கழிப்பறைகள் நாடெங்கும் சுமார் 7.94 லட்சம் இருப்பதாகத் தெரியவந்தது. 2013-இல் புதிய சட்டம் வந்தது. இது சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

இலக்கியத்திலும் திரையிலும்

ஆலப்புழையின் மலம் அள்ளும் தொழிலாளர் மூன்று தலைமுறையை மையமாகக் கொண்ட தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவலைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்ற பெயரில் தமிழாக்கினார். பெருமாள்முருகனின் 'பீக்கதைகள்' தொகுப்பு, எழுத்தில் ஒதுக்கப்பட்ட இப்பொருளையே மையமாக்கியது. மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப்படம், சட்டத்துக்குப் பின்னும் தமிழ்நாட்டில் மலம் அள்ளும் பணி தொடர்வதைப் பதிவுசெய்தது. அரசு வழக்கிலும் சொற்கள் மாறின. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் 2020-இல் தூய்மைப் பணியாளர் ஆயிற்று.

விளாங்குடியும் நகர விளிம்பும்

விளாங்குடி நெடுங்காலம் கண்மாயும் வயலும் சூழ்ந்த ஊராக இருந்து, பின்னர்ப் பேரூராட்சியானது. கூடல்நகர் ரயில் நிலையமும் திண்டுக்கல் சாலையும் அருகில் இருப்பதால் புதிய குடியிருப்புகள் பெருகின. 2011-இல் மதுரை மாநகராட்சியின் வார்டுகள் 72-லிருந்து 100 ஆக உயர்ந்தபோது திருநகர், ஹார்விபட்டி ஆகிய பேரூராட்சிகளோடு விளாங்குடியும் மாநகராட்சியில் சேர்ந்தது.

இத்தகைய விளிம்புப் பகுதிகள் எடுப்புக் கழிப்பறைக் கட்டத்தைப் பெரும்பாலும் கடக்காமலே, வெளியிலிருந்து நேரே கழிவுநீர்த் தொட்டிக்கு வந்தவை. செப்டிக் டேங்க் எனப்படும் இத்தொட்டி பிரான்சில் மூராஸ் என்பவர் 1881-இல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வளர்ந்தது. மூடிய தொட்டியில் திடக்கழிவு அடியில் படியும். காற்றில்லாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும். மேலே தெளியும் நீர் அடுத்த அறைக்குச் சென்று உறிஞ்சுகுழியில் இறங்க வேண்டும். உறிஞ்சுகுழிக்கு இடமில்லாத சிறு மனைகளில் அந்த நீரைத் தெருச் சாக்கடையில் விட்டுவிடுவது வழக்கமாயிற்று. தெருச் சாக்கடை கண்மாய்க்குப் போகிறது. வெளிக்குப் போவது நின்றபின்னும் கழிவு பழைய கண்மாய்க்கே போய்ச் சேர்கிறது.

தொட்டியின் அடியில் படிந்த சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். அதை உறிஞ்சும் லாரிகள் வந்துவிட்டன. ஆனால் கெட்டிப்பட்ட சேற்றைக் கிளறவோ அடைப்பை நீக்கவோ ஆளை இறக்கும் பழக்கம் ஒழியவில்லை. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றைவிடக் கனமானது. குறைந்த அளவில் அழுகிய முட்டையின் வாடை வீசும். அளவு மிகும்போது முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். வாடை போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இறப்பதற்கு இதுவே காரணம். மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் 2022 ஏப்ரலில் கழிவுநீர் உந்து நிலையத் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் இவ்வாறு இறந்தனர்.

புதிதாகச் சேர்ந்த வார்டுகளுக்குப் பாதாளச் சாக்கடை அமைக்கும் பணி அதே காலத்தில் நடந்தது. 2022-இன் இறுதியில் விளாங்குடியில் அப்பணிக்காகத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். ஆழமான பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுத்தே ஆளை இறக்க வேண்டும் என்பது கட்டுமானத் துறையின் அடிப்படை விதி.

இன்றைய நிலை

எடுப்புக் கழிப்பறைகள் மதுரையில் ஏறத்தாழ மறைந்துவிட்டன. பழைய வீடுகளின் பின்சுவரில் செங்கல் வைத்து அடைத்த சிறு திறப்புகளும், இப்போது குப்பையும் குழாய்களும் நிறைந்து கிடக்கும் பின்சந்துகளும் அவற்றின் எச்சங்கள். பாதாளச் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் மலத்தைக் கண்ணிலிருந்து இன்னும் ஆழமாக மறைத்துள்ளன. அடைப்பு ஏற்படும் நாளில் மட்டும் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அவர் பெரும்பாலும் அதே சமூகத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கிறார்.

தொட்டி கட்டும் வீட்டார் கவனிக்க வேண்டியவை சில. உறிஞ்சுகுழியைக் கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும். லாரிக் குழாய் எட்டும்படி தொட்டியின் மூடி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை உறிஞ்சி எடுத்தால் அது கெட்டிப்படாது. எந்த நிலையிலும் தொட்டிக்குள் ஆளை இறக்கக்கூடாது. அவ்வாறு இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். ஒப்பந்தக்காரர் மட்டுமன்றி, அழைத்த வீட்டு உரிமையாளரும் அதற்குப் பொறுப்பாவார்.